புக்கிட் தீமாவின் மரத்தூள்

அறிவியலுக்கு அடித்தளமிட்ட நூல்கள் என்றதும் டார்வின் 1859-இல் எழுதிய ‘உயிரினங்களின் தோற்றம்’ நினைவுக்கு வரும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ (1869) பயண நூல்களோடு அடுக்கப்பட்டுவிடும். எந்த உயிர் எந்த நிலத்தில் வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று ஆராயும் துறைக்கு அது மூலநூல்களில் ஒன்று. சிங்கப்பூர்க்காரர்கள் அதைத் தங்கள் ஊரின் உழைப்பு வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பேன். சான்று நூலுக்குள்ளேயே கிடக்கிறது. 1854 ஏப்ரலில் வந்திறங்கிய வாலஸ், புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரோடு தங்கி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில் கிடைத்தவை. இந்தச் செழிப்புக்கு மண்ணையும் தட்பவெப்பத்தையும் காரணம் சொன்ன அவர், சீன மரவெட்டிகளுக்கும் பெரும்பங்கு தந்தார். அவர்கள் பல ஆண்டுகளாக வெட்டிச் சாய்த்த மரங்களின் பட்டையும் மரத்தூளும் மட்கிய இலையும் வண்டுகளின் புழுக்களுக்கு இரையாயின. அதே கோடரிதானே தீவின் காட்டை அழித்தது என்று கேட்கலாம். உண்மைதான், வாலஸுக்கு வண்டுகள் குவிந்ததே அந்த அழிவின் நடுவில்தான்.

காட்டுக்குப் போகும் வழிக்கும் உழைத்தவர்கள் உண்டு. இன்று தேக்காச் சந்தையருகே செல்லும் புக்கிட் தீமா சாலை 1840-களில் தீவின் வடபகுதிவரை நீண்டது. அக்காலச் சாலைப் பணிகளில் இந்தியக் கைதிகளின் வியர்வை மிகுதி. 1825-இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் சென்னை மாகாணத்துக் கைதிகள். வங்காளத்தார் அடுத்து வந்தனர். நம்மவர்களைப் பற்றி வாலஸுக்குத் தெளிவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களை மேற்கு இந்தியர் என்று எழுதிவிட்டார்!

மரம் வெட்டியவரும் கல் உடைத்தவரும் சிந்தனையாளர்களா என்று ஒருவர் மறுக்கலாம். 1858-இல் காய்ச்சலில் கிடந்தபோது, மக்கள்தொகை பற்றி எழுதிய மால்தஸை நினைத்து, இயற்கைத் தேர்வை வகுத்தது வாலஸின் மூளைதான். அந்தப் பெருமையில் இந்த உழைப்பாளிகளுக்குப் பங்கில்லை. ஆனால் உயிரினப் பரவலின் எல்லைகளை மூளை மட்டும் வரைந்துவிட முடியாது. எட்டு ஆண்டுகளில் சேர்ந்த 1,25,660 மாதிரிகள் அதற்குத் தேவைப்பட்டன. சரவாக்கைச் சேர்ந்த அலி போன்ற உதவியாளர்கள் சுட்டும் தோலுரித்தும் பதப்படுத்தியும் தந்தவை அவற்றில் பல. துறைமுகத்தின் பங்கும் சிறிதல்ல. 1856-இல் சிங்கப்பூரிலிருந்து மக்காசாருக்கு நேர்க்கப்பல் கிடைக்காததால் வாலஸ் பாலி வழியாகப் போனார். பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே ஆசியப் பறவைகள் பல நின்றுபோய் ஆஸ்திரேலிய வகைகள் தொடங்குவதை அங்கேதான் கண்டார். கப்பல் கிடைத்திருந்தால் அநேகமாக அத்தீவுகளுக்கே போயிருக்க மாட்டேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இன்று வாலஸ் கோடு எனப்படும் எல்லை அப்படிப் பிறந்தது. நூலைக் கையிலெடுப்பவர்கள் சிங்கப்பூர் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிவிட வேண்டாம்; மரவெட்டிகள் வருவது அதில்தான்.