தம்பர்லேனும் மெய்க்கீர்த்தியும்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, திருவொற்றியூர்க் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஈழம், கங்கை, கடாரம் என அவன் வென்றவற்றை அவனது மெய்க்கீர்த்தி அடுக்கிச் செல்லும். அதனருகே மார்லோவின் ‘தம்பர்லேன்’ நாடகத்தை வைத்து வாசிப்பது நமக்குப் பயன்தரும்.

1587-ஆம் ஆண்டளவில் இலண்டனில் மேடையேறிய இந்நாடகத்தின் நாயகன், 1398-இல் தில்லியைச் சூறையாடிய தைமூரே. நாட்டுப்பெயர்களை அடுக்குவதில் மெய்க்கீர்த்திப் புலவனுக்கு அவன் இளைத்தவனல்லன். இரண்டாம் பாகத்தின் இறுதியில், சாகும் தறுவாயிலும் நிலப்படத்தை வருவித்து, வெல்லாது விட்ட நாடுகளை எண்ணுகிறான். அதற்குச் சற்றுமுன் குர்ஆனை எரிப்பித்து நோயுறுகிறான். இது தெய்வதண்டனையென்று மார்லோ தீர்ப்புக் கூறவில்லை. பிரசங்கிகளாகிய நாம்தான் அவசரப்பட்டுக் கூறிவிடுகிறோம்!

ஆயினும் நம்மை நிறுத்துவது முதற்பாகக் காட்சியொன்று. தமஸ்குவின் கன்னிப்பெண்கள் கொலையுண்டனர். கூண்டில் அடைபட்ட துருக்கி வேந்தன் தலையை மோதி மாண்டான். அவன் தேவியும் அவ்வாறே மாண்டாள். தம்பர்லேனின் காதலி செனோக்ரட்டே அவ்வுடல்களைக் கண்டு புலம்புகிறாள். தன் காதலனுக்காகவும் மன்னிப்பு வேண்டுகிறாள். வெற்றியாளனின் கூடாரத்திலிருந்தே எழும் அழுகை இது.

மெய்க்கீர்த்தியில் இத்தகைய குரலுக்கு இடமில்லை. பகைவர் திறந்துவிட்ட செல்வமும் யானைகளும் அதில் உண்டு. கடாரத்துப் பெண்ணொருத்தி என்ன சொல்லி அழுதாள் என்பது அதில் இல்லை.