லோட் பண்ண முடியாத முடிவு

நேத்து ராத்திரி டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் முடிச்சேன் மக்களே. கடைசியில ஒரு பேரம் வரும். ஒத்துக்கிட்டா உயிர் பிழைக்கலாம், விலை பிற்பாடுதான் தெரியும். பழைய சேவை லோட் பண்ணி ரெண்டு முடிவையும் பார்த்துட்டேன். ஆனா தூக்கம் வரலை, எங்க தூத்துக்குடி ஞாபகம்தான்.

1530-கள். முத்துக்குளிப்பு யாருக்கு என்று பரதவர்களுக்கும் இஸ்லாமிய வணிகர்களுக்கும் கடும் மோதல். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். கைமாறு, ஞானஸ்நானம். 1536-37ல் ஆயிரக்கணக்கானோர் மதம் மாறினார்கள். சவேரியார் 1542ல் வந்து பார்த்தபோது, பலருக்கு ஜெபம்கூடத் தெரியாது!

பாதுகாப்பாவது நிலைச்சுதா? 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்க, போர்ச்சுகீசியர் கதை முடிஞ்சுது. புது எஜமானர்கள் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கத்தை விடச் சொல்லி நெருக்கினார்கள். பரதவர்கள் விடலையே! அதே டச்சுக்காரர் காலத்திலேயே, 1713ல், பனிமய மாதா கோயில் எழுந்தது.

கடைசி முத்துக்குளிப்பு 1961. எந்த முத்துக்காகப் பேரம் பேசினாங்களோ அது போயிடுச்சு. விலையாக் கொடுத்தது சொந்தமாகி நிக்குது. ஆகஸ்ட் 5 திருவிழாக் கூட்டத்துல நின்னுக்கிட்டு, 'அன்னைக்கு எடுத்த முடிவு சரியா?'ன்னு யார்கிட்டப் போய்க் கேட்பீங்க, சொல்லுங்க?