மூவாயிரம் யென் டீயும் பெரிய மார்க்கெட் டீயும்

ஆன்சைட் போறேன்னு சொன்னா எல்லாரும் அமெரிக்கான்னுதான் நினைப்பாங்க. எனக்கு வாய்ச்சது ஜப்பான். நாலு மாசம், ஒசாகாவில். வந்ததுக்கு ஒரு போட்டோவாவது வேணுமேன்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை கியோட்டோ போய், மூவாயிரம் யென் கட்டி ஒரு தேநீர்ச் சடங்கில் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சின்னத் தோட்டம். பாசி படிந்த கல், தண்ணித் தொட்டி, நேராகப் போகாத நடைபாதை. அதுக்குப் பேர் 'ரோஜி'. வெளியுலகத்துச் சத்தத்தை நம்ம மண்டையிலிருந்து இறக்கி வைக்கத்தான் அந்தப் பாதையாம். அப்புறம், குனிந்தே நுழைய வேண்டிய ஒரு குட்டி வாசல். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் இந்த மாதிரி எளிய தேநீர் அறைகளை உருவாக்கியபோது, சாமுராயும் கத்தியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே தவழ வேண்டியிருந்தது. (அவருடைய புரவலரான ஹிதேயோஷியே 1591ல் அவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி உத்தரவிட்டது தனிக்கதை.)

உள்ளே ஒரு பெரியவர். துணியை மடித்தார், கிண்ணத்தைத் துடைத்தார், திருப்பினார், மறுபடி துடைத்தார். ஒரு கிண்ணம் டீக்கு முக்கால் மணி நேரம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் அவரைக் குனிந்து வணங்கினோம். நானும்தான்.

அப்போதுதான் சுருக்கென்றது. எங்க அப்பாவும் கிளாஸைத் துடைக்கிறவர்தான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் முப்பத்தொரு வருஷமாக டீ போடுகிறார். காலேஜ் ஃபாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியது 'பிசினஸ்'. கூடப் படித்த பசங்களை ஒருநாளும் அந்தப் பக்கம் கூட்டிப் போனதில்லை. காசு கட்டி, மண்டி போட்டு, ஒரு டீ மாஸ்டரை வணங்க நான் கியோட்டோ வரை போக வேண்டியிருந்தது.

சரி, சொந்தக்கதை போதும், மேட்டருக்கு வருவோம். ஊர் திரும்பினதும் ஜப்பானைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். எங்க ஊர்ப் பேர் இத்தனை இடத்தில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

முதலில் டீ. போதிதர்மர் தியானத்தில் தூங்கிவிட்டாராம், கோபத்தில் இமைகளையே அறுத்து எறிந்தாராம், அது விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம். இது கதை, வரலாறு இல்லை. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. காஞ்சிபுரம் என்பது பின்னால் வந்த மரபு. ஜப்பானில் தேநீரைப் பரப்பியதில் முக்கியமானவர், 1191ல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற துறவி. ஆக டீயில் நமக்கு உரிமை கொண்டாட அதிகம் இல்லை :-)

தோட்டத்துக்கும் கட்டடத்துக்கும் வந்தால் கதை வேற. 1916ல் புதுச்சேரியில் இருந்தபடி பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதுகிறார். ஹைக்கூவைத் தமிழனுக்கு முதலில் காட்டியது அந்தக் கட்டுரைதான் என்பார்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு, மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். அதே 1916ல் மிர்ரா அல்ஃபாசா என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஜப்பானுக்குக் கப்பல் ஏறுகிறார். டோக்கியோ, கியோட்டோ என்று நாலு வருஷம் அங்கே. 1920 ஏப்ரல் 24 அன்று புதுச்சேரிக்கே வந்து தங்கிவிடுகிறார். பின்னால் ஊரே 'அன்னை' என்று அழைத்தது இவரைத்தான். பக்தி விஷயத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒரு கட்டடம்.

அதன் பேர் கோல்கொண்ட். ஆசிரமவாசிகள் தங்குவதற்கான விடுதி. ஐதராபாத் நிஜாம் அரசின் நன்கொடை சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்ததால் கோல்கொண்டா கோட்டையின் பேர், பிரெஞ்சு உச்சரிப்பில். டிசைன் செய்தவர் ஆன்டனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, ஃபிராங்க் லாயிட் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக டோக்கியோ போய், அங்கேயே அலுவலகம் போட்டவர். அந்த டோக்கியோ அலுவலகத்திலிருந்து 1937ல் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், எம்ஐடியில் படித்தவர், வயசு 32. இன்னொரு செக்காரர் ஃபிரான்டிஷெக் சாமர், லெ கார்பூசியரிடம் வேலை பார்த்தவர்.

இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று இது. ஏசி கிடையாது. கண்ணாடி ஜன்னலும் கிடையாது. வடக்கு, தெற்கு முகம் முழுக்கத் திறந்து மூடுகிற பலகை அடுக்குகள். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள். காற்று உள்ளே வரும், பார்வை வராது. மேலே இரட்டைக் கூரை, நடுவில் காற்று ஓட இடைவெளி. இரண்டு பக்கமும் தோட்டம். தள்ளுகதவும், வீடும் தோட்டமும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அமைப்பும் ஜப்பான் தந்தவை. அந்தச் சிந்தனை நம்ம ஊர் வெயிலுக்கும் கடல்காற்றுக்கும் தகுந்த மாதிரி மாறி நிற்கிறது.

கட்டின விதம் இன்னும் பிடித்தது. காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டு நகராமல், ஆசிரமவாசிகள் கூலியாட்களோடு சேர்ந்து உழைத்தார்கள். கதவுப் பிடி, கீல் எல்லாம் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. நகாஷிமா சம்பளமே வேண்டாம் என்று ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பேர் சுந்தரானந்தா, அழகில் ஆனந்தம் காண்பவன்.

1939ல் அவர் கிளம்பினார். ஜப்பான் வழியாக அமெரிக்கா. 1942ல் அந்த நாட்டு அரசு, ஜப்பானிய வம்சாவளி மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. அமெரிக்காவிலேயே பிறந்த நகாஷிமாவும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குள் போனார். அங்கே கைதியாக இருந்த ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம், எம்ஐடி பட்டதாரி உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். கிடைத்த துண்டு மரங்களே பாடப்புத்தகம். 1943ல் அவரை வெளியே எடுத்துப் பென்சில்வேனியாவில் தன் பண்ணைக்கு அழைத்துக்கொண்டவர் அதே ரேமண்ட். பிறகு நகாஷிமா கட்டடக்கலையை விட்டுத் தச்சராகவே வாழ்ந்தார், உலகப் புகழும் பெற்றார். 'ஆர்கிடெக்ட்' என்ற பேரை விட்டுவிட்டுத் தச்சன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமே இல்லை. இந்த வரியை நான் ரெண்டு தரம் படித்தேன்.

போன மாசம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம், "கோல்கொண்ட் தெரியுமாப்பா?" என்றேன்.

"அந்த ஜன்னல் பில்டிங்கா? உள்ள போனதில்ல. ஆனா அந்தப் பக்கம் போனா காத்து நல்லா வரும்."

மத்தியானம் கடையை அடைத்ததும் இரண்டு பேரும் நடந்தோம். மீன் வாடை, பூக்கடைச் சத்தம், லோடு வண்டி எல்லாம் தாண்டி நேரு வீதியில் கிழக்கே. வாய்க்காலைக் கடந்தால் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கும். எங்க ஊரின் ரோஜி இதுதான் போல. அது ஆட்கள் குடியிருக்கிற இடம், சுற்றுலாத் தலம் இல்லை. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. மதில் ஓரமாக நின்றே பார்த்தோம். பலகை அடுக்குகள் பாதி திறந்திருந்தன. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எவ்ளோ வருஷம் ஆச்சி இத கட்டி?" என்றார். எண்பது தாண்டிவிட்டது என்றேன். "தெனம் தொடைக்கறாங்கடா. இல்லன்னா இப்படி நிக்காது" என்றார்.

மொத்தக் கட்டுரைக்கும் அது போதும்.

திரும்பி வரும்போது கியோட்டோ பெரியவரைப் பற்றிச் சொன்னேன். நான் குனிந்து வணங்கினதையும் சொன்னேன். ஃபாரத்தில் எழுதினதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா சிரித்தார். "ஒரு கிண்ணத்துக்கு முக்கா மணி நேரமா? நம்ம கடையில நாப்பது பேரு நிக்கறாங்க, கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அவரோடு கடைக்குப் போனேன். பாய்லரைத் துடைத்தார். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தார். முதல் டீயைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.