பழைய மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டரை நீங்களே சரிசெய்யலாம்

எட்டயபுரம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் என்பது பாதி மாட்டு வண்டி. விதை, உர மூட்டை, மருந்துத் தெளிப்பான், தண்ணீர்க் கேன், சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குக் கொண்டு போகும் கிடாக்குட்டி என எல்லாம் அதில்தான் போகின்றன. வாங்கிப் பத்துப் பதினைந்து வருடம் ஆன வண்டிகள் நிறைய ஓடுகின்றன. உளுந்தில் மஞ்சள் தேமல் பற்றிக் கேட்க வருபவர்கள், பேச்சோடு பேச்சாக, "வண்டி முன்ன மாதிரி மைலேஜ் தர மாட்டேங்குது சார்" என்றும் சொல்கிறார்கள்.

பயிர் சொல்லித் தருபவனுக்கு வண்டியில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பாருங்கள். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்தால் 15 லிட்டர் போதும். அதுவே 45 ஆகக் குறைந்தால் 20 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 500, வருடம் 6000 ரூபாய் புகையாகப் போகிறது. மானாவாரி நிலத்தில் ஒரு களையெடுப்புக் கூலிக்கு உதவும் பணம் இது.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன்தான் இருக்கிறது. அதில் நாம் திருக எதுவும் இல்லை. பழைய ஸ்பிளெண்டர், சிடி 100, பஜாஜ் வண்டிகள், புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஆகியவை கார்புரேட்டர் வண்டிகள். காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகையும் செலவும் வரும். குறைந்தால் இன்ஜின் சூடேறும், இழுவை போகும்.

பெட்ரோல் மாறிவிட்டது

உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பெட்ரோல் இன்று பங்கில் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் மத்திய அரசு அறிமுகம் செய்தது. இப்போது பெரும்பாலான பங்குகளில் அதுதான் கிடைக்கிறது. இந்த எத்தனால் கரும்பிலிருந்து மட்டுமல்ல, மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. சோளத்தை விற்ற கையோடு அதையே வண்டிக்கு ஊற்றுகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

எத்தனால் எரிய அதன் எடையைப் போல ஒன்பது மடங்கு காற்றே போதும். ஆனால் பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய பெட்ரோலுக்கு விட்ட அளவு காற்றையே விடும். அதனால் கலவையில் காற்று மிஞ்சுகிறது. மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள். சூடான பிறகும் சோக் போட்டால்தான் ஓடுவது, ஆக்சிலேட்டரைத் திருகியதும் ஒரு நொடி திக்குவது, வேகத்தைக் குறைக்கும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிப்பது, இன்ஜின் வழக்கத்தைவிடக் கொதிப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. 60 தந்த வண்டி 57, 58 தந்தால் அது பெட்ரோலின் குணம். 45-க்கு இறங்கினால் அது வண்டியின் கோளாறு. அதைச் சரிசெய்ய முடியும்.

முதலில் ஸ்குரூவைத் தொடாதீர்கள்

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை பல. மாசி, பங்குனியில் உழவு ஓடும் கரிசலில் ஒரு நாள் சுற்றி வந்தால் ஏர் ஃபில்டரில் மாவு போல மண் படிந்திருக்கும். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் அதிகம் போகும். ஸ்பாஞ்ச் ஃபில்டராக இருந்தால் மண்ணெண்ணெயில் அல்லது சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பிக்கப் கூடும் என்று ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கரிசல் தூசி நேரே சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனையும் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். 100 ரூபாய் மிச்சம் பிடித்துப் பல ஆயிரத்துக்கு இன்ஜின் வேலை வைக்கும் காரியம் அது.

பிரேக் பிடித்துக்கொண்டு உரசுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, செயின் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். நான்கு ஸ்ட்ரோக் வண்டியென்றால் டேப்பட் இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் இடம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அப்பாவின் பழைய வண்டியில் 'ஸ்லோ' நிற்கவில்லை என்று இரண்டு வாரம் ஏர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தேன். காலையில் சரியாக இருக்கும், மாலையில் மாறிவிடும். கடைசியில் பார்த்தால் இணைப்பு ரப்பரின் அடிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. அங்கே திருட்டுக் காற்று நுழைந்தால் எந்த ஸ்குரூவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. வண்டி ஓடும்போது சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு, தீப்பிடிக்கும், வேண்டாம்.

கழற்றிச் சுத்தம் செய்வது

வெட்டவெளியில், பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். முதலில் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் தனிப் படலமாகத் தண்ணீர் தெரிந்தால் டேங்கிலேயே தண்ணீர் இறங்கியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து நிற்கும் வண்டிக்கு இது அடிக்கடி நேரும். டேங்கை வடித்துக் காயவைத்து, மூடியின் ரப்பரையும் மாற்றுங்கள்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் பித்தளையில் இரண்டு சிறு ஜெட்கள் தெரியும். அவற்றின் துளையில்தான் பெட்ரோலின் அளவு இருக்கிறது. இரும்புக் கம்பி, ஊசி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் வண்டி என்றைக்கும் அதிகமாகக் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மிதவையோடு சேர்ந்த கூர்முனை தேய்ந்திருந்தால் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும், அதை மாற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய் பழையதாக இருந்தால், எத்தனால் பெட்ரோலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கி மாட்டுங்கள். பழைய ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். அதன் துகள்தான் ஜெட்டை அடைக்கிறது.

ஏர் ஸ்குரூவும் ஸ்லோ ஸ்குரூவும்

கார்புரேட்டரின் வெளியே இரண்டு ஸ்குரூக்கள் இருக்கும். பெரியது ஸ்லோ ஸ்குரூ. ஆக்சிலேட்டரைத் திருகாமல் நிற்கும்போது இன்ஜின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். சிறியது கலவையைத் தீர்மானிப்பது. இந்தச் சிறிய ஸ்குரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளப்பது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் திருகித்தான் பல வண்டிகள் கெடுகின்றன.

வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் வைக்கும் டியூனிங் நிற்காது. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, சிறிய ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் திரும்பி வர அந்த எண் வேண்டும். முட்டிய பிறகு இறுக்காதீர்கள். அதன் நுனியும் அது உட்காரும் துளையும் கெட்டுவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து ஸ்லோ ஸ்குரூவால் வேகத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். சிறிய ஸ்குரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருந்து காதால் கேளுங்கள். ஒரு திசையில் போகப்போகச் சத்தம் சீராகி வேகம் ஏறும். ஓர் இடத்தைத் தாண்டினால் மறுபடி இறங்கித் தடுமாறும். உச்ச வேகம் கிடைத்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். வேகம் கூடியிருப்பதால் ஸ்லோ ஸ்குரூவைத் தளர்த்திக் குறைத்து, மறுபடி ஒரு முறை இதையே செய்யுங்கள். பிறகு, இன்றைய பெட்ரோலை நினைத்து, பெட்ரோல் கூடும் பக்கமாக அரைக்கால் சுற்று வைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகிப் பாருங்கள். திக்காமல் ஏற வேண்டும், விட்டதும் நேராக இறங்கி நிற்க வேண்டும்.

அரைச் சுற்றுக்குள்ளேயே உச்சம் வருகிறது, அல்லது மூன்று சுற்றுத் தாண்டியும் வரவில்லை என்றால் சின்ன ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது அளவு தவறிய ஜெட்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

ஓட்டத்தில் சோதிப்பது

மேலே சொன்ன ஸ்குரூ, ஆக்சிலேட்டரின் முதல் கால் பங்கு வரைதான் வேலை செய்யும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை, சிலைடு எனப்படும் உருளையில் தொங்கும் நீண்ட ஊசி அளக்கும். அதற்கு மேல் பெரிய ஜெட். நம் ஓட்டம் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் என்பதால் மைலேஜ் அந்த ஊசியில்தான் இருக்கிறது. கைப்பிடியில் வெள்ளை டேப்பை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று கோடு போட்டுக்கொண்டு கோவில்பட்டி சாலையில் ஓட்டுங்கள். திக்கல் எந்தக் கோட்டில் வருகிறதோ, அந்தப் பகுதியில்தான் கோளாறு.

பிளக்கும் சாட்சி சொல்லும். அரை ஆக்சிலேட்டரில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி, ஓடும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்துங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு. எண்ணெய் ஈரத்துடன் கறுப்பாக இருந்தால் நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. கார்புரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

வெள்ளையாக இருந்தால் ஊசியின் தலையில் உள்ள சிறு கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்டுங்கள். ஊசி ஒரு படி மேலே ஏறி, பெட்ரோல் கூடும். கறுப்பாக இருந்தால் கிளிப்பை மேலே ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பள்ளம் மட்டுமே. அதன் பிறகு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளின் ஊசியில் ஒரே பள்ளம்தான் இருக்கும். அதில் மாற்ற எதுவும் இல்லை, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் வெள்ளைப் பிளக்கை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த இன்ஜினுக்கு மசகு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து, இரண்டு உர மூட்டையோடு வெயிலில் போகும்போது பிஸ்டன் இறுகி நின்றுவிடும். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயிலை அளந்து ஊற்றுங்கள். மைலேஜுக்காகக் கலவையை இழுத்துக் குறைக்க வேண்டாம்.

தெளிப்பானுக்கும் இதே பாடம்

பெட்ரோல் விசைத் தெளிப்பானிலும் கார்புரேட்டர்தான். தை, மாசியில் மூலையில் வைத்த தெளிப்பானைப் புரட்டாசி விதைப்புக்குப் பிறகுதான் எடுக்கிறோம். இடைப்பட்ட ஏழெட்டு மாதத்தில் உள்ளே நின்ற பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்துவிடும். மக்காச்சோளத்தில் படைப்புழு குருத்துக்குள் இறங்கும் முன் மருந்து போய்ச் சேர வேண்டும். அந்த நாளில் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, மெக்கானிக்கிடம் தூக்கிப் போனால் மூன்று நாள் போய்விடும். அதற்குள் புழு உள்ளே போய்விடும்.

எனவே கடைசித் தெளிப்பு முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடிகாலையும் திறந்து வடித்து வையுங்கள். மிஞ்சிய பெட்ரோலில் ஆயில் கலந்திருந்தால் நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றாதீர்கள், எக்ஸ்.எல். வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். அடுத்த பட்டத்துக்குக் கேனில் பழைய பெட்ரோலைச் சேர்த்து வைக்காமல், தெளிக்கும் வாரத்தில் புதிதாக வாங்கி, ஒரு வாரம் முன்னதாகவே ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள்.