சென்னை சீட்டாஸ் ஞாபகம் இருக்கா? ஒரே சீசனோடு நின்றுபோன ஹாக்கி லீக்கின் கதை

சென்னையில் 'சீசன்' என்றால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு மார்கழிக் கச்சேரி. சேப்பாக்கம் பக்கம் போனால் ஐபிஎல். ஆனால் 2012-ல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் இன்னொரு சீசன் நடந்தது. 'சென்னை சீட்டாஸ்' என்று நமக்கு ஒரு புரொஃபஷனல் ஹாக்கி அணி இருந்தது. அந்த லீக்கின் பெயர் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. முதல் சீசன்தான் அதன் கடைசி சீசனும்!

ஏன் அப்படி ஆனது? பார்க்கலாம்.

எப்போது, யார் நடத்தினார்கள்?

2012 பிப்ரவரி 29-ல் தொடங்கி ஏப்ரல் 2-ல் முடிந்தது. இந்திய ஹாக்கி கூட்டமைப்பும் (ஐஎச்எஃப்) நிம்பஸ் ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. மொத்தம் 8 அணிகள்:

• சென்னை சீட்டாஸ்
• கர்நாடகா லயன்ஸ்
• ஷேர்-இ-பஞ்சாப்
• சண்டிகர் காமெட்ஸ்
• புனே ஸ்ட்ரைக்கர்ஸ்
• மும்பை மரைன்ஸ்
• டெல்லி விசார்ட்ஸ்
• போபால் பாட்ஷாஸ்

சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணி ஊரில் ஒரு ஆட்டம் என்பதுதான் முறை. வெளிநாட்டு வீரர்களும் வந்தார்கள். பாகிஸ்தானின் இம்ரான் வார்சி சென்னைக்காக ஆடினார். மும்பையில் நடந்த ஃபைனலில் ஷேர்-இ-பஞ்சாப் 5-2 என்று புனேயை வீழ்த்தி கோப்பையைத் தூக்கியது.

ஆட்டத்தில் என்ன புதுசு?

அப்போது சர்வதேச ஹாக்கி என்றால் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. இந்த லீக்கில் அதே 70 நிமிடத்தை பதினேழரை நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டராகப் பிரித்தார்கள். டிவிக்கு விளம்பர இடைவேளை கிடைக்கும், வீரர்களுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். 2005-ல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கிலேயே இந்த முறை வந்துவிட்டது. அதில் சென்னைக்கு இருந்த அணி 'சென்னை வீரன்ஸ்'. சர்வதேச ஹாக்கி சம்மேளனம் (எஃப்ஐஎச்) நான்கு குவார்ட்டர் முறைக்கு மாறியது 2014-ல்தான்.

அப்புறம் என்னதான் பிரச்சினை?

ஒரே விளையாட்டு, இரண்டு அமைப்புகள். அதுதான் பிரச்சினை.

2008-ல் இந்திய ஆடவர் அணி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. 1928-க்குப் பிறகு இந்திய ஹாக்கி அணி இல்லாத முதல் ஒலிம்பிக் அது. அதே ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் ஐஎச்எஃப்-ஐ நீக்கியது. 2009-ல் 'ஹாக்கி இந்தியா' என்ற புது அமைப்பு வந்தது. விவகாரம் கோர்ட் வரை போனது. எஃப்ஐஎச் அங்கீகாரம் இருந்தது ஹாக்கி இந்தியாவுக்கு. லீக்கை நடத்தியதோ ஐஎச்எஃப்.

'இது அங்கீகாரம் இல்லாத போட்டி, இதில் ஆடினால் இந்திய அணியில் இடமில்லை' என்று ஹாக்கி இந்தியா சொல்லிவிட்டது.

மாட்டிக்கொண்டது யார்?

வீரர்கள்தான். தேதிகளைப் பார்த்தாலே புரியும். 2012 பிப்ரவரி 26-ல் டெல்லியில் இந்தியா 8-1 என்று பிரான்ஸை வீழ்த்தி லண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சரியாக மூன்று நாள் கழித்து இந்த லீக் தொடங்கியது. ஒரு பக்கம் நாட்டுக்காக ஒலிம்பிக், இன்னொரு பக்கம் லீக் தரும் பணம். ஹாக்கி வீரர் ஒருவருக்கு இரண்டுமே வாழ்க்கையில் அடிக்கடி வருவதில்லை.

2004 ஒலிம்பிக்கில் ஆடிய பிரப்ஜோத் சிங், அர்ஜுன் ஹாலப்பா போன்றவர்கள் லீக்கில் ஆடினார்கள். லண்டன் அணியில் அவர்கள் இல்லை. லண்டன் போன இந்திய அணி 12-வது, அதாவது கடைசி இடத்தில் முடித்தது.

லீக்குக்குப் போனவர்களுக்காவது பணம் வந்ததா? பேசிய பணம் முழுசாக வரவில்லை என்று வீரர்கள் பலர் வெளிப்படையாகவே புகார் சொன்னார்கள். இரண்டாவது சீசன் 2012 டிசம்பரில் என்றார்கள். தள்ளிவைத்தார்கள். அப்படியே நின்றுபோனது.

சண்டையில் பிறந்தும் ஜெயித்த லீக் உண்டா?

உண்டு. அது ஐஸ் ஹாக்கியில். இன்று 32 அணிகளோடு இருக்கும் வட அமெரிக்காவின் என்எச்எல், நிர்வாகிகள் சண்டையில் பிறந்ததுதான். டொராண்டோ அணி உரிமையாளர் எடி லிவிங்ஸ்டனோடு ஒத்துப்போகாத மற்ற உரிமையாளர்கள், அவரைக் கழற்றிவிடவே 1917 நவம்பர் 26-ல் கனடாவின் மாண்ட்ரியலில் புது லீக் தொடங்கினார்கள்.

முதல் சீசனே தள்ளாட்டம். நான்கு அணிகளோடு தொடங்கியது. 1918 ஜனவரி 2-ல் மாண்ட்ரியல் அரீனா தீப்பிடித்து எரிந்தது. மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் அணி விலகியது. மிச்சம் மூன்று அணிகளை வைத்தே சீசனை முடித்தார்கள். ஜோ மலோன் 20 ஆட்டத்தில் 44 கோல் அடித்தார்.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1917-ல் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கிலேயே இல்லை, 1920-ல்தான் வந்தது. 'லீக்கா, நாடா' என்ற கேள்வி அந்த வீரர்கள் முன்னால் வரவில்லை. நம் வீரர்களுக்கு வந்தது.

சென்னைக்கு மறுபடி அணி எப்போது வந்தது?

2013 ஜனவரியில் ஹாக்கி இந்தியா தன் சொந்த லீக்கை ஐந்து அணிகளோடு தொடங்கியது. எஃப்ஐஎச் ஆதரவும் இருந்தது. ஆனால் அதில் சென்னைக்கு இடமில்லை. 2007 ஆசியக் கோப்பையை இந்தியா ஜெயித்தது இதே எழும்பூர் மைதானத்தில்தான் என்றாலும், லீக் அணி மட்டும் வரவில்லை. 2017-க்குப் பிறகு அந்த லீக்கும் நின்றது. 2024 டிசம்பர் 28-ல் மீண்டும் தொடங்கியபோதுதான் 'தமிழ்நாடு டிராகன்ஸ்' வந்தது. அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தியும் அதில் இடம்பிடித்தார்.

2012-ல் ஆடியவர்களுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்த லீக்கில் ஆடுவதால் இந்திய ஜெர்சி கையை விட்டுப் போகாது.