நடுச்சுவர் இல்லாத தொட்டியும் ‘ஆள் இருக்கு’ என்ற சொல்லும்

கிளியனூர் பக்கம் ஒரு புது வீட்டுக்குச் செப்டிக் டேங்க் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆழமான குழி, நான்கு பக்கமும் சுவர், மேலே மூடத் தயாராக ஸ்லாப். உள்ளே நடுச்சுவர் இல்லை. ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “அது எதுக்கு, வீண் செலவு. ரொம்பினா லாரி வரும். லாரி வரலன்னா ஆள் இருக்கு” என்றார். எந்த ஆள், எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

தோழர்களே, செப்டிக் டேங்க் மரணங்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தத் தொட்டி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நம்மில் பலர் படித்ததில்லை. அதைப் படித்தால்தான் இந்த மரணங்கள் விபத்து அல்ல என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

1860களில் பிரான்சில் மூராஸ் என்பவர் ஒரு மூடிய தொட்டி கட்டினார். கழிவு உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் நீர்மட்டத்துக்குக் கீழே முங்கியிருக்கும்படி அமைத்தார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, எதிர்பார்த்த அளவுக்குக் கசடு உள்ளே இல்லை. 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் இதே வழியில் பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தார். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதே இந்தக் கண்டுபிடிப்பின் சாரம். அதற்கு ஒரே நிபந்தனை, உள்ளே தண்ணீர் கலங்காமல் நிற்க வேண்டும்.

தண்ணீரைக் கலங்காமல் நிறுத்துவதுதான் தடுப்பின் வேலை. நுழைவாயில் தடுப்பு, வேகமாக வரும் நீரை மடக்கிக் கீழே திருப்புகிறது. கனமானது அடியில் படிகிறது, கொழுப்பு மேலே ஏடாக மிதக்கிறது, நடுவில் தெளிந்த நீர் நிற்கிறது. வெளிவாயில் தடுப்பு அந்த ஏடு வெளியேறாமல் பிடித்துக்கொள்கிறது. நடுச்சுவர் தொட்டியை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் அறை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புநீரை ஒரே பாத்தியில் விட்டு யாரும் உப்பு எடுப்பதில்லை. பாத்தி பாத்தியாக நிறுத்தி நகர்த்தும்போது முதலில் சேறு படிகிறது, பிறகு ஜிப்சம், கடைசியில் உப்பு. வரப்பை வெட்டிவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் விட வேண்டும். அங்கேதான் பங்கீட்டுப் பெட்டி வருகிறது. நீரைப் பல வாய்க்கால்களுக்குச் சமமாகப் பிரித்து அனுப்பும் சிறிய பெட்டி அது. அது இல்லையென்றால் எல்லா நீரும் ஒரே இடத்தில் இறங்கி, மண் அடைத்து, கழிவு பின்னோக்கி எதிர்க்கும். தூய்மை இந்தியா திட்டம் பரிந்துரைத்த இரட்டைக் குழிக் கழிப்பறையில் உள்ள சந்திப்புத் தொட்டியும் இதன் உறவுதான். ஒரு குழி நிரம்பியதும் அதன் வாயை அடைத்து மற்றதைத் திறக்க வேண்டும். அடைத்த குழியைச் சுமார் இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். சந்திப்புத் தொட்டி இல்லாமல் இரண்டு குழிக்கும் ஒன்றாக விட்டால் இரண்டும் ஒன்றாகவே நிரம்பும். அப்போது வெளியே எடுக்க வேண்டியது எரு அல்ல, பச்சை மலம்.

இவை இந்தியாவுக்குத் தெரியாதவை அல்ல. செப்டிக் டேங்குக்கென்றே ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. 1985இல் அதன் முதல் பகுதி திருத்தி வெளியிடப்பட்டது. ஆனால் ஊரில் கட்டப்படுவது பெரும்பாலும் வெறும் குழி. வெளிக்குழாய் தெருச் சாக்கடைக்குப் போகிறது. மூடி டைல்ஸுக்குக் கீழே புதைகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கசடு பத்து ஆண்டுகள் கிடந்து இறுகுகிறது. இறுகிய கசடை லாரியின் குழாய் உறிஞ்சாது. அப்போது “ஆள் இருக்கு.”

உள்ளே காத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பக் கூடாது. காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு ஆனாலே மூக்கு அதை உணரும் திறனை இழந்துவிடும். அளவு இன்னும் கூடினால் சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். சல்பேட்டை உண்ணும் நுண்ணுயிர்களே இந்த வாயுவை உண்டாக்குகின்றன. கடல்நீரில் சல்பேட் அதிகம். ஆகவே உவர்நீரைக் கழிப்பறைக்கு ஊற்றும் கடலோர ஊர்களில் ஆபத்தும் அதிகம். மறுநாள் செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி பலி’ என்று வரும். வாயு யாரையும் தேடிப் போய்த் தாக்குவதில்லை. அனுப்பியவர் யார் என்பது அந்தத் தலைப்பில் இருக்காது.

சட்டமும் தாமதமாகவே வந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண் உலர் கழிப்பறையின் மீதே இருந்தது. எடுப்புக் கக்கூஸ் குறைந்து தொட்டிகள் பெருகின. வாளியோடு வந்தவரின் பிள்ளை கயிற்றோடு வந்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் செப்டிக் டேங்கில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்தது: முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதுதான் ‘ஆபத்தான’ வேலை என்று வரையறுத்து, ஒரு சந்து விட்டுவைத்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமும், 2023 அக்டோபரில் 30 லட்சமும் இழப்பீடு என்றது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்குகளில், 1993 முதல் இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு. பெரியார் மண் என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இழப்பீடு செத்த பிறகு வருகிறது. நடுச்சுவர் கட்டும்போதே வர வேண்டியது. ஐரோப்பாவிலும் மலம் அள்ளும் தொழிலாளர்கள் இருந்தார்கள். தொழில்நுட்பம் வந்ததும் அந்தத் தொழில் மறைந்தது. இங்கே அதே தொழில்நுட்பம் வந்தும் பாதியில் நிறுத்தப்பட்டது. பிறப்பால் ஒதுக்கிவைக்கப்பட்ட மலிவான உழைப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நான்கு வரிசைச் செங்கல்கூட வீண் செலவாகத் தெரிகிறது. நல்ல தொட்டி சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை அந்தத் தொட்டி காட்டிக்கொடுக்கும் என்கிறேன்.

அடுத்த முறை கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில், அங்கன்வாடியில், ஊராட்சி அலுவலகத்தில் உள்ள தொட்டிக்கு நடுச்சுவர் உண்டா? திறக்கக்கூடிய மூடி உண்டா? வெளிநீர் எங்கே போகிறது? கடைசியாக எப்போது, எதைக் கொண்டு கசடு எடுத்தார்கள்? பதில்களை எழுதி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கட்டட அனுமதி வரைபடத்தையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இருந்து கட்டடத்தில் காணாமல் போன அந்தச் சுவருக்குக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருப்பார். ஆள் இறங்குவதற்கு முன்பே அவரிடம் கேள்வி கேட்போம்.