காற்றை எடைபோட்ட பஸ்கால்

பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறை பஸ்காலை முதலில் அறிந்தது இயற்பியல் வகுப்பில்தான். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 60 கிலோ எடையுள்ளவர் நிற்கிறார். இரு பாதங்களும் தரையில் படும் இடம் 300 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். ஒற்றைக் காலில் நின்றால் 400 கிராம். எடை கூடவில்லை, இடம்தான் குறைந்தது.

பிளேஸ் பஸ்கால் 1623இல் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். தகப்பனார் ருவான் நகரில் வரி அதிகாரி. அவருடைய கூட்டல் கழித்தல் வேலையைக் குறைக்க, 19 வயதில் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். நாளெல்லாம் பேரேட்டைக் கூட்டிய குமாஸ்தாவான எனக்கு அதனாலேயே அவர்மேல் தனிப் பிரியம்.

காற்றுக்கும் எடை உண்டு என்றால், மலை ஏற ஏற மேலே உள்ள காற்று குறைந்து அழுத்தமும் குறைய வேண்டும் அல்லவா? பஸ்கால் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காள் கணவர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயுடன் புய் த தோம் மலையில் ஏறினார். அடிவாரத்தில் வைத்த குழாயை ஒரு துறவி நாள் முழுதும் பார்த்திருந்தார். அதில் மாற்றமே இல்லை. உச்சியில் பாதரசம் சுமார் எட்டரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

பிறகு பஸ்கால் கணக்கைத் திருப்பிப் போட்டார். காற்றின் அழுத்தம் 31 அடி உயரத் தண்ணீருக்குச் சமம். ஒரு கன அடித் தண்ணீர் 72 பிரெஞ்சு ராத்தல். ஆக ஒரு சதுர அடிமேல் 2,232 ராத்தல் காற்று. அதைப் பூமியின் மொத்தப் பரப்பால் பெருக்கினால், காற்று முழுவதன் எடை 8,283,889,440,000,000,000 ராத்தல்! இந்தக் கணக்கு அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் அச்சானது.

பழைய பழக்கம் விடவில்லை. நானும் காகிதத்தில் பெருக்கிச் சரிபார்த்தேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. அந்த ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படிப் பார்த்தால் இன்றைய அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வருகிறது. குறைந்ததற்குக் காரணம் அழுத்தம் அல்ல, பரப்பு. பூமியின் சுற்றளவை அவர் சுமார் 35,000 கிலோமீட்டராகக் கொண்டார்; உண்மையில் 40,000.

1971இல் அழுத்தத்தின் அலகுக்கே அவர் பெயரை வைத்தார்கள். புயல் நாட்களில் வானிலை அறிக்கையில் 'ஹெக்டோபாஸ்கல்' என்று கேட்கிறோமே, அதற்குள் இருப்பவர் இவர்தான்.